கால் பெருவிரல் ஓரத்தில் எலும்பு முட்டுகிறதா? சில கேள்விகள், பதில்கள்

குதிகால் வலி பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்ததில் பாதி பெருவிரலைப் பற்றி. பெருவிரல் மூட்டின் உள்பக்கம் முட்டிக்கொண்டு நிற்கிறதே, டாக்டர் சீட்டில் ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்று எழுதியிருப்பார்களே, அதுதான். சரி, இந்த முறை அதையே பார்த்துவிடலாம்.

சூரமங்கலம் வாசகி: வயது 46. பெருவிரல் பக்கத்தில் எலும்பு வளர்ந்துகொண்டே போகிறது. உடம்பில் கால்சியம் கூடிவிட்டது, பாலை நிறுத்து என்கிறார் நாத்தனார். நிறுத்தட்டுமா?

தாராளமாகப் பால் குடியுங்கள். அங்கே முக்கியமாக நடந்திருப்பது வளர்ச்சி இல்லை, சாய்வு. பெருவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் முதல் மெட்டடார்சல் என்று ஒரு நீள எலும்பு இருக்கிறது. அது மெல்ல மெல்ல மற்றக் காலின் பக்கமாக விலகுகிறது, விரலோ அதற்கு எதிர்ப்பக்கமாக, இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. இரண்டும் சேரும் மூட்டில் அந்த நீள எலும்பின் தலை வெளியே துருத்திக்கொண்டு தெரிவதைத்தான் எலும்பு வளர்கிறது என்கிறோம்.

ஏன் அது தானாக நேராவதில்லை என்று கேட்டால், அந்த எலும்புத் தலையில் நேரடியாக எந்தத் தசையும் வந்து ஒட்டுவதில்லை. சுற்றியிருக்கும் மூட்டு உறையும் நார்களும் இருபக்கமும் சமமாகப் பிடித்திருக்கும்வரைதான் அது இடத்தில் நிற்கும். உள்பக்கத்து உறை நீண்டு தளர்ந்து, வெளிப்பக்கம் சுருங்கி இறுகிவிட்டால் திரும்ப இழுக்க ஆள் கிடையாது. அப்புறம் விரலைத் தூக்குகிற தசைநாரும் மடக்குகிற தசைநாரும் நேர்கோட்டை விட்டு விலகி, வில்லில் கட்டிய நாண் மாதிரி குறுக்கே இழுக்க ஆரம்பிக்கும். நீங்கள் வைக்கும் ஒவ்வொரு அடியும் விரலை இன்னும் கொஞ்சம் சாய்க்கும். விரலை விலக்கி வைக்க வேண்டிய தசையும் பாதத்தின் அடிப்பக்கமாக நழுவி, விலக்குவதற்குப் பதிலாக விரலைத் திருகுகிறது. உங்கள் பெருவிரல் நகத்தைப் பாருங்கள், நேராக மேலே பார்க்காமல் மற்றக் காலைப் பார்க்கிறதா? அது இந்தத் திருகல்தான்.

எக்ஸ்ரே எடுத்தால் மூட்டுக்கு அடியில் பட்டாணி அளவில் இரண்டு குட்டி எலும்புகள் தெரியும். செசமாய்ட் என்று பெயர். இடம் மாறிவிட்டதாக ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். பெரும்பாலும் அவை இருந்த இடத்தில்தான் இருக்கும், மேலே இருந்த எலும்புத் தலைதான் அவற்றை விட்டு இறங்கிப் போயிருக்கும். எண்ணெய் தேய்த்துப் புடைப்பைக் கரைக்க முடியாது, கரைக்க அங்கே ஒன்றும் இல்லை.

அம்மாபேட்டை வாசகி: புடைப்பு வலிக்கவே இல்லை. ஆனால் இரண்டாம் விரல் பெருவிரல்மேல் ஏறிவிட்டது, மெட்டி கழலவில்லை. அதே விரலுக்கு நேர் கீழே, பாதத்தில் தடித்துப்போய் நடக்கும்போது குத்துகிறது.

முதலில் மெட்டி. விரல் வீங்கியிருந்தால் சோப்பு போட்டு இழுத்துப் போராட வேண்டாம். கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் இருக்கிறோம், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிப் பட்டறையில் காலை நீட்டினால் நிமிஷத்தில் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ பட்டறை வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நடக்கும்போது கடைசியாகத் தரையைத் தள்ளும் வேலை பெருவிரலுடையது. அது சாய்ந்ததும் அந்தப் பாரம் பக்கத்து எலும்புகள்மேல் விழுகிறது, அதனால்தான் இரண்டாம் விரலுக்குக் கீழே தோல் தடிக்கிறது. இடமும் இல்லாமல் போவதால் அந்த விரல் மடங்கி மேலே ஏறுகிறது. தடிப்பை ஆணி என்று நினைத்துப் பிளேடால் சீவுகிறவர்கள் உண்டு. சர்க்கரை இருந்தால் சீவலும் கூடாது, மருந்துக்கடையில் விற்கும் ஆசிட் பிளாஸ்திரியும் கூடாது, புண் ஆறாமல் இழுத்தடிக்கும். தடிப்புக்குச் சற்றுப் பின்னால் மெத்தென்ற பேட் வைத்தால் குத்தல் குறையும்.

ஏற்காடு, காபி எஸ்டேட் வேலை: மழைக்காலம் முழுக்க கம்பூட்ஸ்தான். சாயங்காலம் புடைப்பு சிவந்து வீங்கிவிடுகிறது.

அது எலும்பின்மேல் உரசலால் உண்டான நீர்ப்பையின் வீக்கம். பூட்ஸைக் கழற்றி, துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிஷம் வையுங்கள், பெரும்பாலும் தணியும். சரிவில் இறங்கும்போது கால் பூட்ஸுக்குள் முன்னே வழுக்கி விரல்கள் நெரிபடும். கம்பூட்ஸில் இழுத்துக் கட்ட லேஸும் இல்லை. அகலமான முன்பக்கம் உள்ள பூட்ஸ், தடித்த சாக்ஸ், இரண்டும் சேர்ந்துதான் உதவும். அளவு மட்டும் பெரிதாக வாங்கினால் வழுக்கல் கூடும். தோல் கிழிந்து நீர் வடிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

உருக்காலைத் தொழிலாளி: நேற்று ராத்திரி திடீரென்று அந்த மூட்டு தீயாய் எரிந்தது. போர்வை பட்டாலும் தாங்கவில்லை. வேலைக்குப் போடும் சேஃப்டி ஷூதான் காரணமா?

இது வேறு கதையாக இருக்கலாம். பெருவிரல் புடைப்பு வருஷக்கணக்கில் வருவது, ஒரே ராத்திரியில் இப்படி வந்தால் யூரிக் ஆசிட் படிவதால் வரும் கவுட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், காய்ச்சல் இருந்தால் காத்திருக்கவே கூடாது. சேஃப்டி ஷூவைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஓமலூர் வாசகி: என் அம்மாவுக்கு, எனக்கு, இப்போது 13 வயது மகளுக்கும் ஆரம்பிக்கிறது. பரம்பரையா, செருப்பா?

இரண்டும். பாதத்தின் அமைப்பும் மூட்டுகளின் தளர்வும் குடும்பத்தில் வரும், செருப்பு அதை வேகப்படுத்தும். ஹாங்காங்கில் 1958இல் வெளியான ஒரு ஆய்வில் ஷூ போடுகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு இது இருந்தது, வெறுங்காலோடு நடப்பவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான். மகளை ஒரு தாளின்மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள், ஸ்கூல் ஷூவை அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். ஷூ கோட்டுக்குள் அடங்கினால் அது அவளுக்கானது இல்லை. வளர்கிற வயதில் ஆபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம், செய்த பிறகும் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

ஆத்தூர் வாசகர்: ஆன்லைனில் வாங்கிய பட்டையை ராத்திரி கட்டிக்கொண்டால் நேராகுமா? ஆபரேஷன் என்றால் பைக் எப்போது ஓட்டலாம்?

கட்டியிருக்கும்வரை நேராகத் தெரியும், கழற்றினால் பழையபடிதான். வலிக்கு இதமாக இருந்தால் கட்டுங்கள், திருத்தும் என்று நம்பிக் காசு போடாதீர்கள். ஆபரேஷன் வலிக்காக, நடக்க முடியாததற்காக. அழகுக்காக நான் சொல்லமாட்டேன். நின்றுகொண்டு எடுத்த எக்ஸ்ரேயில்தான் கோணம் அளப்பார்கள்: விரலின் சாய்வு 15 டிகிரிக்குள், முதல் இரண்டு மெட்டடார்சலுக்கு இடைப்பட்ட கோணம் 9 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு. படுத்து எடுத்த படத்தில் சாய்வு குறைவாகத் தெரியும், அதனால் எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். புடைப்பை மட்டும் சீவிவிட்டால் சாய்வு அப்படியே இருக்கும், திரும்ப வரும்; பொதுவாக எலும்பை வெட்டி நகர்த்தி ஸ்க்ரூ போடுவார்கள். ஆறு வாரம்போல விசேஷ ஷூ, வீக்கம் முழுசாக வடிய மாதக்கணக்கு ஆகும். வலது கால் என்றால் பின் பிரேக்கை அழுத்தித்தானே ஆக வேண்டும், எலும்பு கூடிவிட்டதா என்று எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லும்வரை பைக் வீட்டிலேயே நிற்கட்டும்.