லண்டன் மாமாவும் எட்டுப் பேரின் பில்லும்

கேள்வி: அக்கா, நான் திருகோணமலை. வேலைக்காகக் கொழும்புக்கு வந்து ஐந்து மாதம், வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருக்கிறேன். அடுத்த மாதம் லண்டனிலிருந்து மாமா குடும்பம் வந்து நாலு நாள் நிற்கப்போகிறது, ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். அப்பா சுத்த சைவம். மாமாவின் பிள்ளைகளுக்கு நண்டு வேண்டுமாம், அதுவும் அந்தப் பெயர்போன கடையில்தானாம். "நீதானே கொழும்பில இருக்கிறாய், நீயே கூட்டிக்கொண்டு போ" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததோ அறைக்குக் கீழே உள்ள இடியப்பக் கடை மட்டும்தான். என் சம்பளத்தில் எட்டுப் பேரை எங்கே கூட்டிப் போவது?
வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் நண்டை முடித்துவிடுவோம், உங்கள் நித்திரையைக் கெடுப்பது அதுதான். பிள்ளைகள் கேட்பது கோட்டையில் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் இருக்கிற மினிஸ்ட்ரி ஒஃப் கிராப். சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட்காரர்கள் மஹேலவும் சங்கக்காரவும் சேர்ந்து 2011 இல் தொடங்கிய கடை. அங்கே நண்டை நிறைக்குத்தான் விற்கிறார்கள், அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை, பில்லும் பத்தாயிரக்கணக்கில்தான் ஏறும். நல்ல நண்டுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது உங்கள் பில் இல்லை. இன்றைக்கே மாமாவுக்குப் போன் போட்டு, "மேசையை நான் பதிவு செய்கிறேன், காசு உங்களுடையது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். பில் வந்த பிறகு இரண்டு பேரும் பர்ஸைத் தடவுவதைவிட இது எவ்வளவோ மரியாதை. அப்பாவை மட்டும் அங்கே இழுக்காதீர்கள், பாவம், ஓடு உடைக்கிற சத்தத்துக்கு நடுவில் அவர் எதைச் சாப்பிடுவது?

அன்றைக்கு அம்மாவையும் அப்பாவையும் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்கு அனுப்புங்கள், அந்தப் பக்கத்துச் சைவக்கடைகளில் அவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். சரஸ்வதி லொட்ஜ் அங்கேதான், பழைய கடை, ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. வெள்ளவத்தையில் என்றால் ராமகிருஷ்ணா வீதியில் சண்முகாஸ், அது கொஞ்சம் ஏசி, கொஞ்சம் கூடுதல் விலை. லண்டன் பிள்ளைகளையும் ஒரு நாள் சைவக்கடைக்குக் கூட்டிப் போங்கள், ஆனால் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவையுங்கள். கேட்காமலே மேசையில் வடை, ரோல்ஸ் என்று ஒரு தட்டு வந்து உட்காரும், எடுத்ததற்கு மட்டும்தான் காசு. இது தெரியாமல் என் மச்சாளின் மகன் எல்லாவற்றிலும் ஒவ்வொரு கடி கடித்து வைத்துவிட்டான், அவ்வளவுக்கும் கட்டினோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்தப் பக்கம் போகவே வேண்டாம், பாதி வெள்ளவத்தை அன்றைக்குச் சைவம், இடம் கிடைக்காது.

இந்த ஊரில் கடைக்குப் பெயர் கேட்கிறவர்கள் நேரம் கேட்பதில்லை, எனக்கு அதுதான் விளங்குவதில்லை. மத்தியானம் சோறுதான், இரண்டு மணிக்குப் பிறகு போனால் அடிச்சட்டிக் கறிதான் மிஞ்சும். சிங்களச் சாப்பாடு உட்கார்ந்து சாப்பிட நகர மண்டபத்துக்குக் கிட்ட உபாலிஸ் இருக்கிறது, குடும்பமாகப் போகலாம், விலை நடுத்தரம். கொத்து ரொட்டி கொத்துகிற சத்தம் பொழுதுபட்டால்தான் கேட்கும். கொள்ளுப்பிட்டி காலி வீதியில் பிலவூஸ், சீஸ் கொத்து, நடுச்சாமத்திலும் ஆள் இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதே பெயர்ப்பலகையோடு வேறு கடைகளும் இருப்பதால் ஆட்டோக்காரரிடம் கொள்ளுப்பிட்டி என்று சொல்லியே ஏறுங்கள். இன்னும் மலிவாக, இன்னும் கலகலப்பாக வேண்டுமென்றால் இரவு எட்டுக்குப் பிறகு புதுக்கடை என்கிற பகுதிக்குப் போங்கள். முஸ்லிம் கடைகள், புகையும் நெருக்கடியும், நசிகொரெங் என்கிற பொரித்த சோறு, கடைசியில் ஒரு பலூடா. என் காசில் யாரையாவது கூட்டிப் போவதென்றால் நான் போகிற இடம் அதுதான்.

காலிமுகத்திடல் இறால் வடையை மாமா எப்படியும் கேட்பார். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருப்பதை வாங்காதீர்கள், புதிதாகப் பொரித்துத் தரச் சொல்லி ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஒரு மத்தியானம் லாம்பிரைஸும், அதுதான் சோறும் கறியும் வாழையிலையில் மடித்து வேகவைப்பது, சாப்பிட வையுங்கள், லண்டனில் லேசில் கிடைக்காது. தும்முல்லைச் சந்திக்குக் கிட்ட டச்சு பேர்கர் யூனியன் இருக்கிறது, 1908 இல் தொடங்கிய பறங்கியர் சங்கம், உள்ளேயே சாப்பாட்டுக் கடையும் உண்டு. வாழையிலையை அவிழ்க்கும்போது வருகிற வாசத்துக்கே காசு கொடுக்கலாம்.

இனிக் கணக்கு. பெரிய இடங்களில் மெனுவில் உள்ள விலையை நம்பாதீர்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதம், 2024 இலிருந்து வற் வரி (VAT) 18 சதவீதம், ஆயிரம் ரூபாய்த் தட்டு ஆயிரத்து முந்நூறுக்குக் கிட்ட வந்து நிற்கும். போன வருசம் நான் ஓரிடத்தில் இதை மறந்து ஆறு பேருக்கு ஓடர் கொடுத்துவிட்டு, பில் வந்ததும் கைகழுவப் போகிற மாதிரிப் போய்த் தம்பிக்குப் போன் பண்ணிக் காசு போடச் சொன்னேன். அதனால் சைவக்கடையும் புதுக்கடையும் உங்கள் செலவு, அதில் நீங்கள்தான் வீட்டுக்காரி, மாமா கை நீட்டினாலும் விடாதீர்கள். மற்றது அவர் பாடு. மாமா பியர் குடிக்கிறவர் என்றால் கலண்டரில் போயாவையும், அதாவது பௌர்ணமி விடுமுறையையும் பாருங்கள், அன்றைக்கு எங்கும் கிடைக்காது.

அப்புறம், கீழே உள்ள இடியப்பக் கடையை ஏன் இவ்வளவு இளக்காரமாக எழுதியிருக்கிறீர்கள்? சுடச்சுட இடியப்பம், சொதி, சம்பல், மாமிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒன்று மட்டும், முதல் நாள் இரவே சொல்லி வையுங்கள். எட்டுப் பேருக்கு எண்பது இடியப்பம் காலை ஏழு மணிக்குச் சும்மா கிடைத்துவிடாது.