ஜார்ஜ்டவுனுக்கு மாறும் முன்

முதலாமாண்டு, 3.7 ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி), வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வெளியுறவுச் சேவைப் பள்ளிக்கு மாற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முயலலாம், ஆனால் மதிப்பெண்ணைவிட எடுத்த பாடங்கள்தான் இடிக்கும். அங்கே பட்டம் பெற ஒரு வெளிநாட்டு மொழியில் பேசிக்காட்டித் தேற வேண்டும். நுண் பொருளியல், பேரியல் பொருளியல் இரண்டும் கட்டாயம். இவற்றை இப்போதே தொடங்குங்கள். மொழியைத் தள்ளிப்போட்டு, மாறிய பிறகு அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிப்பவர்களுக்குப் பட்டமே தாமதமாகலாம்.

ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பத்திரப்படுத்துங்கள். முன்பு படித்த பாடத்தின் கிரெடிட்டை (பட்டத்துக்குக் கணக்கிடும் பாட அலகு) ஏற்பதா என்று முடிவுசெய்ய அதைத்தான் கேட்பார்கள். பாதி கிரெடிட்டையாவது ஜார்ஜ்டவுனிலேயே முடிக்க வேண்டும் என்பதால் மூன்றாமாண்டுக்குப் பின் மாறுவது வீண்செலவு.

விண்ணப்பக் கட்டுரையில் இப்போதைய கல்லூரியைத் திட்டாதீர்கள் (பலர் செய்வது இதைத்தான்). உங்கள் கல்லூரியில் இல்லாத எந்தப் பாடம், எந்தப் பிராந்திய ஆய்வு வேண்டும் என்று பெயர்சொல்லி எழுதுங்கள்.