வாஸ்க் குழு வருகிறது: குறையை எழுதலாமா, மறைக்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் பெரியவர்கள் படிக்கும் ஒரு அடல்ட் ஸ்கூலில் மூன்று வருடமாக மாலை நேர ஈ.எஸ்.எல். வகுப்பு, அதாவது ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன்பு கோவையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். அடுத்த வசந்த காலத்தில் எங்கள் பள்ளிக்கு, பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் வாஸ்க் அமைப்பின் குழு வருகிறது. சுய ஆய்வு அறிக்கையில் மாணவர் மதிப்பீடு பற்றிய பகுதிக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். ஊரில் கல்லூரிகளை மதிப்பிடும் நாக் குழு வந்தபோது ராப்பகலாக ஃபைல் தயாரித்ததுதான் என் அனுபவம். எங்கள் மாலை வகுப்பில் பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். இதை எழுதினால் பள்ளிக்குக் கெடுதல் வருமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தாராளமாக எழுதுங்கள். அறிக்கையில் முதலில் எழுத வேண்டியதே அதுதான். பார்வையிடும் குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பாதி மாணவர்கள் நின்றுவிடுகிறார்கள் என்று ஒரு பள்ளி எழுதியிருந்தால் எங்களில் யாருமே அதிர்ச்சி அடைய மாட்டோம். ஏனென்றால், குழுவில் வருகிறவர்களில் பெரும்பாலோர் வேறு அடல்ட் ஸ்கூல்களில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் வகுப்பிலும் அதே கதைதான். இவ்வளவு பேர் நின்றும் பள்ளிக்கு அது தெரியவில்லை என்றாலோ, தெரிந்தும் யாரும் கேட்கவில்லை என்றாலோதான் எங்களுக்குக் கவலை வரும்.

நாக் அனுபவத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இரண்டிலும் சுய ஆய்வு உண்டு, வெளியிலிருந்து குழு வருவதும் உண்டு. ஆனால் நாக் ஏ, பி என்று தரம் போட்டது. அதனால் மார்க் வாங்கும் மனநிலை தானாக வந்துவிட்டது. வாஸ்க் தரம் போடுவதில்லை. 1962-இல் தொடங்கிய இந்த அமைப்பின் பள்ளிப் பிரிவு தருவது கால அளவுதான். நிலைமை நன்றாக இருந்தால் ஆறு ஆண்டு, இடையில் ஒரு வருகை. கவலைக்கிடமாக இருந்தால் குறைந்த காலம், அதாவது புரொபேஷன் எனும் கண்காணிப்புக் காலம். பார்வையிடும் குழு பரிந்துரை மட்டுமே செய்யும், முடிவு ஆணையத்தின் கையில். உங்கள் பள்ளி தரும் ஹைஸ்கூல் டிப்ளமாவைக் கல்லூரிகளும் ராணுவமும் மற்றப் பள்ளிகளும் யோசிக்காமல் ஏற்றுக்கொள்வது இந்த அங்கீகாரத்தால்தான். முப்பத்தைந்து வயதில் டிப்ளமா முடிக்கிற ஒரு அம்மாவுக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, உங்கள் பகுதிக்கு வருவோம். மதிப்பீடு என்றதும் எல்லோரும் கையில் எடுப்பது, பெரியவர்களின் ஆங்கிலத் திறனை அளக்கும் காஸாஸ் தேர்வின் எண்கள். சேரும்போது ஒரு முன்தேர்வு, கொஞ்ச நாள் படித்த பிறகு ஒரு பின்தேர்வு, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு ஏறினார் என்ற கணக்கு. மத்திய அரசின் நிதியும் இந்தக் கணக்கை ஒட்டித்தான் வருகிறது. அதனால் இந்த எண்கள் ஏற்கெனவே அலுவலகத்தில் பளபளவென்று தயாராக இருக்கும். ‘பின்தேர்வு எழுதியவர்களில் இத்தனை சதவீதம் ஒரு படி ஏறியிருக்கிறார்கள்’ என்று ஒரு பட்டை வரைபடமும் கிடைக்கும். அதை அப்படியே எடுத்து அறிக்கையில் ஒட்டிவிடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் மாலை வகுப்பு வாரம் இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 6 மணி நேரம். முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் நடுவில் 70 முதல் 100 மணி நேரம் பாடம் நடந்திருக்க வேண்டும் என்பது காஸாஸின் பரிந்துரை, குறைந்தபட்சம் 40. உங்கள் மாணவர் 40 மணியைத் தொடவே ஏழாவது வாரம் ஆகும், 70-ஐத் தொடப் பன்னிரண்டு வாரம். ஆறாவது வாரத்தில் ஷிஃப்ட் மாறி நின்றுபோனவர் 36 மணி நேரம் உட்கார்ந்து படித்திருப்பார். ஆனால் பின்தேர்வுக் கணக்கில் அவர் இல்லை. இன்னொன்று: 12 மணி நேரத்தை எட்டாதவர் மத்திய அரசின் அட்டவணையில் பங்கேற்பாளராகவே வர மாட்டார். உங்கள் வகுப்பில் அது முதல் இரண்டு வாரம். புதிதாகச் சேர்ந்து, நான்கு வகுப்பைக்கூட முடிக்காமல் போனவர் பள்ளிக்கு வந்ததற்கு அந்தப் பங்கேற்பாளர் கணக்கில் தடயமே இருக்காது.

பகல் வகுப்பு வாரம் நான்கு நாள் நடந்தால் அது 12 மணி நேரம். அங்கே நாலாவது வாரத்திலேயே 40 வந்துவிடும். அதனால் பகல் வகுப்பின் வளர்ச்சி எண் எப்போதும் அழகாகத் தெரியும். இதை வைத்துப் பகல் ஆசிரியர் கெட்டிக்காரர், மாலை ஆசிரியர் சுமார் என்று ஒரு பள்ளி முடிவு செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாலை ஆசிரியர் மனம் உடைந்து போனார். வருடக்கணக்காக யாரும் அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நீங்கள் பிரித்துப் பாருங்கள். மாணவர் வருகை, தேர்வு விவரங்களை வைத்திருக்கும் டாப்ஸ்புரோ மென்பொருளைக் கையாளும் அலுவலக ஊழியருடன் ஒரு மதியம் உட்காருங்கள். இந்த வேலையில் உங்களுக்கு மிக முக்கியமான துணை அவர்தான், முதல்வர்கூட அடுத்துதான். நான்கு எண்கள் கேளுங்கள்: சென்ற ஆண்டு மாலை வகுப்புகளில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் 12 மணியைத் தாண்டியவர் எத்தனை பேர், பின்தேர்வு எழுதியவர் எத்தனை பேர், படி ஏறியவர் எத்தனை பேர். நான்கையும் ஒரே வரிசையில் எழுதிப் பகல் வகுப்பின் வரிசையைக் கீழே வையுங்கள். எந்த இடத்தில் கூட்டம் சட்டென்று குறைகிறது என்பது கண்ணில் அறையும். இரண்டாவது வாரத்திலேயே குறைந்தால் சேர்க்கையிலோ, நிலை பார்த்து வகுப்பில் போடுவதிலோ கோளாறு. ஐந்தாறு வாரம் கழித்து என்றால் வேலை நேரம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதது, பஸ் என்று வேறு காரணங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

காரணத்தை ஊகிக்காதீர்கள், கேளுங்கள். நின்றுபோனவர்களில் இருபது முப்பது பேருக்குப் போன் செய்யலாம். தொடக்க நிலை மாணவரிடம் ஆங்கிலத்தில் கருத்துக் கேட்புப் படிவம் நீட்டுவதில் அர்த்தமில்லை. ‘மிக நன்று’ என்பதை வட்டமிட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஸ்பானிஷ், வியட்நாமிஸ், மாண்டரின், தாரி என்று அவரவர் மொழி தெரிந்த ஒருவர் பேச வேண்டும். மேல்நிலை வகுப்பு மாணவர்களே இதற்கு நல்ல துணை. நம் ஊரிலிருந்து மகன், மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் பெற்றோர் உங்கள் வகுப்பில் இருந்தால் அவர்களிடம் நீங்களே தமிழில் பேசுங்கள். ‘முதியோர் பள்ளி’ என்றதும் கையெழுத்துப் போடக் கற்றுத்தரும் இடம் என்று நினைத்து வந்து, பிறகு ஆர்வமாகத் தங்கியவர்கள் அவர்கள். பேரக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றதும் நின்றுவிடுபவர்களும் அவர்களே. ஒரு எச்சரிக்கை: குடியேற்ற நிலை பற்றி யாரும் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது, தற்செயலாகச் சொன்னாலும் எழுதி வைக்கக் கூடாது. மாணவரின் பெயரும் அறிக்கையில் வரக் கூடாது. இதைப் போன் பேசப் போகிற எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, சுவரில் மாட்டியிருக்கும் கற்றல் விளைவுகள். ‘எங்கள் மாணவர்கள் திறம்படப் பேசுவார்கள், ஆழ்ந்து சிந்திப்பார்கள், வாழ்நாள் முழுதும் கற்பார்கள்’ என்று எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி இருக்கும். குழு உங்கள் வகுப்புக்குள் வந்து ஒரு மாணவரிடம் அதைப் பற்றிக் கேட்கும். மனப்பாடமாக ஒப்பித்தால் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. ‘பிள்ளைக்குக் காய்ச்சல், இன்று பள்ளிக்கு வர மாட்டாள் என்று நானே போன் செய்து சொன்னேன்’ என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டால், ‘திறம்படப் பேசுவார்கள்’ என்ற வாக்கியத்துக்கு அதைவிடச் சான்று வேண்டாம். அதனால் ஒவ்வொரு விளைவையும் அந்தந்த நிலையில் ஒரு மாணவர் செய்து காட்டக்கூடிய ஒரு காரியமாக உடைத்து எழுதுங்கள். அப்புறம் அதை எப்படிப் பார்த்தீர்கள் என்பதற்கு மாணவர் எழுதிய தாள், பேச்சை மதிப்பிட்ட படிவம் என்று இரண்டு மூன்று மாதிரி வையுங்கள். ஒரு வண்டி ஃபைல் வேண்டாம்.

மற்றப் பகுதிகளை வேறு குழுக்கள் பார்த்துக்கொள்வார்கள். பள்ளியின் நோக்கம், தலைமை, ஆசிரியர்கள், பாடத்திட்டம், மாணவர் உதவி, நிதி, சமூகத் தொடர்பு என்று அவை நீளும். பகுதிகளின் பிரிப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும், உங்கள் பள்ளிக்கு வந்திருக்கும் கையேட்டையே பின்பற்றுங்கள். ஆனால் நிதிக் குழுவிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள். கலிஃபோர்னியாவின் அடல்ட் ஸ்கூல்கள் பட்ட அடி பெரியது. 2009-இல் இவற்றின் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பப் பள்ளி மாவட்டங்களுக்கு அனுமதி கிடைத்தபோது, பல பள்ளிகள் சுருங்கின, சில மூடப்பட்டன. 2015-இல் மாநிலம் ஆண்டுக்கு 50 கோடி டாலர் ஒதுக்கி, வட்டாரக் கூட்டமைப்புகள் வழியாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. அந்தக் கூட்டமைப்பு உங்கள் பள்ளியையும் சேர்த்து மூன்றாண்டுத் திட்டம் ஒன்று போட்டிருக்கும். சுய ஆய்வு அறிக்கையில் நீங்கள் வாஸ்குக்குக் கொடுக்கும் செயல்திட்டம் ஒன்று சொல்ல, கூட்டமைப்பின் திட்டம் வேறொன்று சொன்னால், எதைச் செய்யப் போகிறீர்கள் என்று குழு கேட்கும். பணம் இருப்பதோ கூட்டமைப்பின் திட்டத்தில். இரண்டிலும் ஒரே இலக்கு இருக்கட்டும்.

செயல்திட்டத்தில்தான் பெரும்பாலான பள்ளிகள் சறுக்குகின்றன. ‘மாணவர் தக்கவைப்பை மேம்படுத்துவோம்’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் நான்கு எண்களிலிருந்து வருகிற திட்டம் இப்படி இருக்கலாம்: மாலை இரண்டாம் நிலையில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதியவர்களைச் சேர்ப்பது, இடையில் வருபவர்களுக்குத் தனியாக ஒரு அறிமுக வகுப்பு, இரண்டு நாள் வராதவருக்கு அடுத்த நாளே ஒரு குறுஞ்செய்தி. யார் செய்வார், எந்தப் பணத்தில், எந்த மாதம் எந்த எண்ணைத் திரும்பப் பார்ப்போம் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாசிக்கிறவர் திட்டத்தின் ஒரு வரியில் விரல் வைத்து, இது எந்தச் சான்றிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் நீங்கள் எழுதிய பகுதியில் வந்து நிற்க வேண்டும். குழுவில் இருக்கும்போது நான் முதலில் செய்வது அந்தச் சோதனைதான். மூன்று நான்கு இலக்குக்கு மேல் வேண்டாம், பகுதி நேர ஆசிரியர்களை வைத்துக்கொண்டு பதினைந்து இலக்கை யாரும் நடத்த முடியாது.

காலத்தை இப்படிக் கணக்குப் போடுங்கள். குழு வருவதற்கு ஆறு வாரம் முன்பே அறிக்கை அவர்கள் கையில் இருக்க வேண்டும். வசந்த கால வருகை என்றால் குளிர்கால விடுமுறைக்கு முன்பே உங்கள் பகுதியின் வரைவு முடிந்திருக்க வேண்டும். தொலைபேசி விசாரணையை செப்டம்பர், அக்டோபரில் வைத்துக்கொண்டால்தான் கோடைக்கு முன்பு நின்றவர்களின் எண்களாவது வேலை செய்யும். தள்ளிப்போட்டால் பாதி எண் மாறிவிட்டிருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாலை ஆசிரியர்கள் பெரும்பாலும் மணிக்கணக்குச் சம்பளத்தில் இருப்பவர்கள். சுய ஆய்வுக் கூட்டங்களுக்குச் சம்பளம் இல்லையென்றால் அவர்கள் வர மாட்டார்கள், வர வேண்டும் என்று சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. அப்போது அறிக்கை பகல் நேர முழு ஊழியர்கள் எழுதிய அறிக்கையாகிவிடும், உங்கள் மாலை மாணவர்கள் இன்னொரு தடவை கணக்கில் விடுபட்டுப் போவார்கள். பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்வதற்கு முன்பே முதல்வரிடம் பேசி, ஒவ்வொரு மாலை ஆசிரியருக்கும் இத்தனை மணி நேரம் சம்பளத்தோடு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டாப்ஸ்புரோ பார்க்கும் ஊழியருக்கும் சேர்த்து.