லீனியர் அல்ஜிப்ரா முதலாம் வருடத்தில் பிடிபடவில்லை, என்ன செய்யலாம்?

நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் மொழிமூலம் இணைந்த கணிதம் படித்துவிட்டுப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கிறீர்கள். கணக்குகளைச் செய்ய முடிகிறது, விரிவுரைதான் ஏறவில்லை, ஆங்கிலம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆங்கிலம் பாரம்தான். ஹட்டன் பக்கத்திலிருந்து அதே வழியில் போனவன் என்பதால் தெரியும். ஆனால் அது பழகிவிடும். பெரிய தடை வேறு. உயர்தரத்தில் விடை எடுத்தால் கணக்கு முடிந்தது. இங்கே வரைவிலக்கணம் (டெஃபினிஷன்) தான் பாடமே.

அதனால் ஒரு சின்னத் தாயத்தை (மேட்ரிக்ஸ், அதாவது எண்களை நிரை, நிரல்களாக அடுக்கிய அட்டவணை) எடுத்து, பாடம் முழுவதையும் அதிலேயே தேடிப் பாருங்கள். முதல் நிரை 1, 2. இரண்டாம் நிரை 2, 4.

இதைத் தேயிலைத் தோட்டச் சம்பளக் கணக்காக எழுதலாம். ஒரு சீட்டில் 1 நாள் வேலை, மேலதிகமாகப் பறித்த கொழுந்து 2 கிலோ. இன்னொன்றில் 2 நாள், 4 கிலோ. இரண்டிலும் உள்ள தொகையை வைத்து நாள் சம்பளத்தையும் கிலோ விலையையும் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. இரண்டாவது சீட்டு முதலாவதன் இரட்டிப்பு, புதிதாக எதையும் சொல்லவில்லை. ரேங்க் 1 என்பது இதுதான். துணிகோவை (டிடர்மினன்ட், இங்கே 1×4 − 2×2) 0 ஆவதும் இதனால்தான்.

இனி, நாள் சம்பளத்தில் 2 ரூபாயைக் குறைத்துக் கிலோவுக்கு 1 ரூபாயைக் கூட்டுங்கள். இரண்டு சீட்டிலும் தொகை அசையாது. தாயத்தால் பெருக்கினால் பூச்சியமாகும் காவிகள் (வெக்டர்கள்) எல்லாம் சேர்ந்ததுதான் நல் ஸ்பேஸ். அந்த (−2, 1) தான் அதன் பேசிஸ், அதாவது அதிலுள்ள எல்லாம் இதன் மடங்குகளே. ரேங்க் 1, நலிட்டி (நல் ஸ்பேஸின் பரிமாணம்) 1, கூட்டினால் நிரல்களின் எண்ணிக்கையான 2. ரேங்க்–நலிட்டி தேற்றம் கண்முன்னே நிற்கிறது. இரண்டாவது தொகை முதலாவதன் சரியான இரட்டிப்பாக இல்லாவிட்டால் தீர்வே கிடையாது, ஏனென்றால் கொலம் ஸ்பேஸ், அதாவது நிரல்களைப் பெருக்கிக் கூட்டி எட்டக்கூடிய காவிகள் எல்லாம், (0, 0), (1, 2) வழியே போகும் ஒரு கோடு மட்டுமே. அதே (1, 2) ஐத் தாயத்தால் பெருக்கினால் (5, 10) வரும். கோடு மாறாமல் காவி 5 மடங்காகிறது, அந்த மடங்குதான் ஐகன் பெறுமானம், இங்கே 5. மற்றது 0, அதற்குரிய காவி நீங்கள் ஏற்கெனவே கண்ட (−2, 1).

ஐந்து அத்தியாயங்களில் தனித்தனியாக வருபவை ஒரே தாயத்துக்குள் இருக்கின்றன. இதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பாடத்தின் மீது எனக்கு ஆசையே வந்தது.

வெக்டர் ஸ்பேஸ் விதிகள் (காவிகளைக் கூட்டுவதற்கும் எண்ணால் பெருக்குவதற்கும் உள்ளவை) வெறுமையாகத் தோன்றினால் பயப்படாதீர்கள். சமன்பாடுகளில் மாறிகளை நீக்கித் தீர்க்கும் முறை பண்டைய சீனாவிலேயே இருந்தது, இந்த விதிகளை இத்தாலியக் கணிதவியலாளர் பியானோ எழுதியதோ 1888 இல். அவ்வளவு காலம் பிடித்தது உடனே ஏறாதது இயல்பே. ஒவ்வொரு வரைவிலக்கணத்துக்கும் பொருந்தும் உதாரணம் ஒன்றும் பொருந்தாத உதாரணம் ஒன்றும் நீங்களே எழுதுங்கள். உற்பத்தி, அதாவது (0, 0), வழியே போகும் கோடு சப்ஸ்பேஸ் (தானும் ஒரு வெக்டர் ஸ்பேஸாக இருக்கும் பகுதி). y = x + 1 அல்ல, பூச்சியக் காவி அதில் இல்லை. நிறுவல் கேள்விகளில் பாதி இந்தப் பழக்கத்திலேயே திறந்துவிடும்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்ட்ராங்கின் விரிவுரைகள் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன, நிதானமான ஆங்கிலம். பார்த்ததைத் தமிழில் நண்பர்களுடன் பேசி விளங்கிக்கொள்ளுங்கள். வரைவிலக்கணத்தை மட்டும் ஆங்கிலத்திலேயே, ஒரு சொல் பிசகாமல் எழுதிப் பழகுங்கள். பரீட்சையில் அப்படித்தான் கேட்பார்கள்.