மைனஸ் 35 டிகிரியில் மாட்டை வெளியே விடலாமா?

கேள்வி இது, கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்: "ஈரோடு பக்கம் விவசாயக் குடும்பம். இப்போது கனடாவில், சஸ்காட்சுவான் மாகாணத்தில், பிரின்ஸ் ஆல்பர்ட் அருகே 160 ஏக்கர் வாங்கியிருக்கிறேன். எட்டு சினை ஆங்கஸ் மாடுகள் (இறைச்சிக்கு வளர்க்கும் இனம்), ஒரு ஆங்கஸ் காளை, வீட்டுப் பாலுக்கு ஒரு ஜெர்சி. இது முதல் குளிர்காலம். பழைய மரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதை இடுக்கில்லாமல் அடைத்து ஹீட்டர் போடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் பக்கத்துப் பண்ணைக்காரர் மைனஸ் 35-லும் மாடுகளை வெளியேதான் விடுவாராம். ஊரில் மார்கழிப் பனிக்கே சாக்கு போர்த்துவோம். யார் சொல்வது சரி?"

பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்வதுதான் சரி. ஹீட்டர் வேண்டாம், இடுக்கெல்லாம் அடைக்கவே வேண்டாம். இடுக்கில்லாத கொட்டகையில் பத்து மாடு மூச்சுவிட்டு, சாணி போட்டு, மூத்திரம் பெய்தால் இரண்டே நாளில் சுவரெல்லாம் தண்ணீர் வடியும், அமோனியா நெடி உங்கள் கண்ணையே எரிக்கும். அந்த ஈரமும் நெடியும்தான் நுரையீரலைக் கெடுத்து நிமோனியாவுக்கு வழிவிடும். அதோடு, பகல் குறுகக் குறுக, குளிர் ஏற ஏற மாட்டுக்கு அடர்த்தியான குளிர்கால முடி வளரும், கதகதப்பில் வைத்த மாட்டுக்கு அந்த முடி சரியாக வராது. ஜனவரியில் ஒருநாள் மின்சாரம் நின்றால் உங்களிடம் இருப்பது முடியில்லாத மாடும் சில்லிட்ட கொட்டகையும்தான்.

மாட்டைக் கொல்வது வெறும் குளிர் அல்ல. ஈரம், காற்று, காலி வயிறு, இந்த மூன்றும்தான். முடி காய்ந்து, அடர்ந்து, கொஞ்சம் சதைப்பிடிப்போடு இருக்கிற மாடு ஏறக்குறைய மைனஸ் 8 டிகிரி வரைக்கும் உடம்புச் சூட்டைக் காக்கத் தனியாக எதையும் எரிப்பதில்லை. அதே மாடு தோல்வரை நனைந்துவிட்டால் அந்த எல்லை பிளஸ் 15 டிகிரிக்கு ஏறிவிடும், அதாவது நமக்கு இதமாக இருக்கிற ஒரு மழைநாள்கூட அதற்குக் குளிர்காலம். முடிகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்றுதான் போர்வை, முடி நனைந்து படுத்தால் போர்வை போயிற்று. பிப்ரவரியில் உங்கள் மாட்டின் முதுகில் பனி கரையாமல் கிடப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள், உள்சூடு வெளியே கசியவில்லை என்றுதான் அதற்குப் பொருள். கரைந்து ஒழுகினால்தான் கவலை.

இதற்குக் கசப்பான உதாரணம் ஒன்று உண்டு. 2013 அக்டோபர் முதல் வாரத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் அட்லஸ் என்று பேர் வைத்த புயல் வந்தது. வெப்பநிலை ஒன்றும் மைனஸ் 35 இல்லை, உறைநிலையை ஒட்டித்தான் இருந்தது. முதலில் மழை நனைத்தது, பிறகு பலத்த காற்றோடு பனி கொட்டியது, மாடுகளோ குளிர்கால முடி வளராமல் கோடை மேய்ச்சலிலேயே நின்றன. பல்லாயிரக்கணக்கில் செத்தன. ஆகவே நடு ஜனவரியைவிட நீங்கள் அதிகம் பயப்பட வேண்டியது அக்டோபர் மழையையும் ஏப்ரல் சேற்றுப் பனியையும்தான். கொட்டகையின் உண்மையான பயனும் அப்போதுதான்.

சரி, காற்றுக்கு என்ன செய்வது? சுவர் கட்டாதீர்கள். முழுக்க அடைத்த சுவரில் மோதும் காற்று மேலேறிச் சுழன்று பின்பக்கமே விழும், பனியையும் அங்கேயே குவித்துவிடும். பலகைகளைச் செங்குத்தாக வைத்து, இடையிடையே சந்து விட்டு, மொத்தப் பரப்பில் 20-25 சதவீதம் திறந்திருக்கும்படி வேலி அடியுங்கள். 15 சென்டிமீட்டர் பலகைக்கு நாலு, ஐந்து சென்டிமீட்டர் சந்து விட்டால் போதும். மூன்று மீட்டர் உயர வேலி, தன் உயரத்தைப் போல எட்டு முதல் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றைத் தணிக்கும். உங்கள் பக்கம் மோசமான காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்துதான் வரும், அதைப் பார்த்து வையுங்கள். ஒரு மாட்டுக்கு 30 சென்டிமீட்டர் நீளம் என்பது வழக்கமான கணக்கு. பத்து உருப்படிக்கு அது மூன்று மீட்டர்தான் வருகிறது, அவ்வளவு சின்னதாகப் போட்டால் காற்று ஓரமாகச் சுற்றி வந்துவிடும். குறைந்தது ஒன்பது, பத்து மீட்டராவது போடுங்கள். வேலிக்குப் பின்னால் கோதுமை வைக்கோலைத் தாராளமாகப் பரப்பி, ஈரமாக ஆக மேலே புதிது போட்டுக்கொண்டே வாருங்கள். சாணி வயிற்றிலும் விலாவிலும் கட்டியாக உறைந்து ஒட்டினால் அந்த இடத்து முடி இருந்தும் இல்லாததுதான்.

இனி தீவனம். ஹீட்டர் வேண்டாம் என்றேனே, ஒவ்வொரு மாட்டுக்குள்ளும் ஏற்கெனவே ஒரு அடுப்பு இருக்கிறது. முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைக்கும்போது வெளிவரும் சூடுதான் அது. அதற்கு விறகு காய்ந்த புல், தானியம் அல்ல. தானியம் சக்தி தரும், ஆனால் திடீரென்று அள்ளிப் போட்டால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். குளிர் மைனஸ் 8-க்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் சக்தித் தேவை ஏறக்குறைய 2 சதவீதம் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், காற்றின் கடுப்பையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. முதலில் நல்ல புல்லைக் கூட்டுங்கள், அது போதாதபோது கொஞ்சம் கொஞ்சமாக ஓட்ஸோ பார்லியோ சேருங்கள்.

எவ்வளவு புல் வாங்குவது என்பதை இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள், மார்ச்சில் விலை எகிறிவிடும். ஒரு மாட்டுக்கு நாளுக்குச் சராசரி 14 கிலோ, பத்து உருப்படி, நவம்பரிலிருந்து மே நடுப்பகுதிவரை 200 நாள் என்றால் 28 டன். மிதித்தும் சிந்தியும் வீணாவதைச் சேர்த்தால் 33 டன். 550 கிலோ உருண்டை பேல் (இயந்திரத்தில் சுருட்டிய புல்கட்டு) என்றால் 60 பேல். கடுங்குளிருக்காக இன்னும் எட்டு, பத்து கையிருப்பு வையுங்கள். வாங்கிய புல்லில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், செலவு குறைவு, ஆனால் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. சினையின் நடுக்காலத்தில் புரதம் 7 சதவீதம், கடைசி மாதங்களில் 9, ஈன்ற பிறகு 11 என்பது எளிதாக நினைவில் நிற்கும் அளவு. ஏழுக்கும் கீழே போனால் நுண்ணுயிர்களே சோர்ந்துவிடும், வயிறு நிறையத் தின்றும் மாடு இளைக்கும்.

அந்த இளைப்பு கண்ணுக்குத் தெரியாது, முடி மறைத்துவிடும். கையால் அழுத்திப் பாருங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இருக்கும் எலும்பு நுனிகளை அழுத்தினால்தான் தட்டுப்பட வேண்டும், சும்மா தடவும்போதே உறுத்தினால் மாடு மெலிந்திருக்கிறது. கனடாவில் இந்தச் சதைப்பிடிப்புக்கு 1 (எலும்பும் தோலும்) முதல் 5 (மிகக் கொழுத்தது) வரை மதிப்பெண் போடுவார்கள், குளிர்காலத்துக்குள் நுழையும்போது 3 இருக்க வேண்டும். மங்கோலியாவில் 2009-10 குளிர்காலத்தில் 80 லட்சத்துக்கும் மேல் கால்நடைகள் செத்ததற்கு முந்தைய கோடையின் வறட்சியும் ஒரு முக்கியக் காரணம், உடம்பில் கொழுப்பு ஏறாமலே அவை பனிக்குள் போயின.

தீவனத்தை மாலையில் போடுங்கள். புளிப்புச் சூடு சில மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், அது நடு இரவில் உதவட்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கனடாவின் மனிடோபா மாகாணத்தைச் சேர்ந்த கஸ் கோனஃபால் என்ற பண்ணையாளர், இரவில் தீவனம் போட்டால் அதிகக் கன்றுகள் பகலில் பிறக்கின்றன என்று கவனித்துச் சொன்னார், அவர் பெயரிலேயே அந்த முறையை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். மைனஸ் 25-இல் டார்ச் லைட்டோடு ஓடுவதற்கு இது மேல்.

தண்ணீர் குறைந்தால் மாடு புல்லையும் குறைத்துவிடும், குளிரிலும் நாளுக்கு 30-40 லிட்டர் வேண்டும். பழகிய சதைப்பிடிப்பான மாடுகள் தளர்வான சுத்தமான பனியைத் தின்றே சமாளிக்கும் என்பது மேற்குக் கனடாவில் ஆராய்ச்சியிலேயே நிரூபிக்கப்பட்டது. ஆனால் மேல்படலம் இறுகிய பனியும் மிதிபட்ட பனியும் உதவாது. பால் கறக்கும் மாட்டுக்கும் மெலிந்ததற்கும் அது போதவே போதாது. முதல் வருடம் அந்தச் சோதனை வேண்டாம், ஹீட்டர் பொருத்திய தொட்டி வையுங்கள். நல்ல தண்ணீர் இருந்தும் மாடுகள் தயங்கித் தயங்கி வந்து விலகிப்போனால், ஹீட்டரிலிருந்து லேசாக மின்கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பண்ணைக் குட்டையில் பனிக்கட்டியை உடைத்துக் குடிக்கவிடும் பழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன், கட்டி உடைந்து உள்ளே போன மாட்டை மீட்பது பெரும்பாடு.

ஜெர்சியை ஆங்கஸ் மாடுகளைப்போல நினைக்காதீர்கள். சின்ன உடம்பு, கொழுப்பு குறைவு, பால் வேறு கறக்கிறீர்கள். அந்தப் பழைய கொட்டகை அதற்குத்தான். தெற்குப் பக்கம் திறந்திருக்கட்டும், கூரையருகே காற்றுப்போக்கு இருக்கட்டும், கீழே ஆழமாக வைக்கோல். கறந்ததும் காம்பைத் துடைத்து முழுதாகக் காயவைத்த பிறகே வெளியே விடுங்கள், ஈரக் காம்பு உறைந்தால் வெடித்துப் புண்ணாகிவிடும்.

ஆங்கஸ் மாடுகளிடம் காளை சேர்ந்தது எப்போது என்று விற்றவரிடம் கட்டாயம் கேளுங்கள். சினைக்காலம் 283 நாள். மே மாதம் சேர்ந்திருந்தால் பிப்ரவரியிலேயே ஈனும். அப்படியென்றால் கொட்டகையில் இன்னொரு மூலையைக் கன்றுக்கு ஒதுக்குங்கள். பிறந்ததும் துவட்டிக் காயவைத்து, நான்கு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். வெப்பமானியில் கன்றின் சூடு 38-க்குக் கீழே இருந்தால் கதகதப்பாக்குங்கள். 35-க்கும் கீழே என்றால் 38-40 டிகிரி வெந்நீரில் தலை மட்டும் வெளியே இருக்க அமிழ்த்தி வைத்து, நன்றாகத் துவட்டி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடுத்த வருடம் காளையை ஜூலை நடுவில்தான் சேருங்கள், கன்றுகள் ஏப்ரல் கடைசியில் வரும்.

காளையையும் மறக்க வேண்டாம். வைக்கோல் இல்லாமல் பனிமேல் படுத்தால் விதைப்பை உறைந்து புண்ணாகும், மேலே ஆறினாலும் விந்து கெட்டிருக்கலாம். புதிய விந்து உருவாகி வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும், அதனால் விந்துப் பரிசோதனையை மே மாதம் வையுங்கள். தேறாவிட்டாலும் ஜூலைக்குள் வேறு காளை தேட நேரம் இருக்கும்.