பார்வை குறைந்த மாணவர் பி.எஸ்சி. வேதியியல் படிக்க முடியுமா?

கேள்வி: என் தம்பிக்குப் பார்வை மிகக் குறைவு. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறான். கல்லூரியிலோ 'ஆய்வகம் சரிப்படாது, வரலாறு எடுக்கட்டும்' என்கிறார்கள். என்ன செய்யலாம்?

தாராளமாகப் படிக்கலாம். வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'ஆய்வகம்' என்ற காரணத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தாலே பாதி உதிர்ந்துவிடும்.

தரம் பார்த்தலையே, அதாவது ஒரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் செய்முறையையே, எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அமிலம் உள்ள குடுவையில் இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும்போது நிறுத்த வேண்டும். கண் தெரியாமல் எப்படி என்று கேட்பார்கள். அதே வினையை, அமில காரத் தன்மையை எண்ணாகக் காட்டும் பிஎச் மீட்டர் வைத்துச் செய்தால், 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு, முடிவுப் புள்ளியை ஒட்டிய ஓரிரு சொட்டுகளிலேயே பிஎச் அளவு ஏறத்தாழ 4 இலிருந்து 10க்குத் தாவும். கரைசல் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று காட்டும் கடத்துத்திறன் மானியில் எண் குறைந்துகொண்டே வந்து, அந்தப் புள்ளியைத் தாண்டியதும் ஏறத் தொடங்கும். இவை மேல் வகுப்பு மாணவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கருவிகள்தாம். பல துறைகளில் அலமாரியிலேயே இருக்கும். எண்களைக் கணினியில் இட்டால் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லிவிடும். செறிவைக் கணக்கிடத் தெரிகிறதா என்பதைத் தேர்வு சோதிக்கிறதா, இளஞ்சிவப்பைப் பார்க்கத் தெரிகிறதா என்பதையா? துறைத் தலைவரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள். சிவப்பு, பச்சை நிறக்குறைபாடு உள்ள மாணவர்களும் இதே இடத்தில்தான் பக்கத்து மேசையின் அளவீட்டைப் பார்த்து எழுதுகிறார்கள், யாரும் கண்டுகொள்வதில்லை.

கொஞ்சமேனும் பார்வை இருந்தால் கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கி பியூரெட்டைப் படிக்கலாம். அடர் அமிலத்தை ஊற்றுவது, சுடரில் சூடாக்குவது போன்றவற்றை ஓர் உதவியாளர் செய்யட்டும். ஆனால் என்ன செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்பவன் உங்கள் தம்பியாக இருக்க வேண்டும், மதிப்பெண்ணும் அதற்குத்தான். பாதுகாப்பு என்று தயங்குவார்கள். வகுப்பே பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நிற்கும் ஆய்வகங்களில், இவன் வரும்போது மட்டும் பாதுகாப்பு நினைவுக்கு வருவது வேடிக்கைதான்.

என் அனுபவத்தில் ஆய்வகத்தைவிடப் பெரிய தலைவலி பாடக்குறிப்புகள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் திரைவாசிப்பானுக்கு வெறும் படம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் குறிப்பு ஆங்கில எழுத்துக் குப்பையாக ஒலிக்கும். யூனிகோடில் கேளுங்கள், சமன்பாடுகளை லாடெக்ஸில் (கணிதக் குறியீடுகளைச் சாதாரண எழுத்துகளாலேயே எழுதும் முறை) கேளுங்கள். பார்வையற்றவரான டி. வி. ராமன் 1994 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றதே, லாடெக்ஸில் எழுதிய கணிதத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளுக்காகத்தான். பென்சீன் வளையங்களுக்கு அட்டையில் தடித்த நூலை ஒட்டினால் விரல் படித்துக்கொள்ளும். மூலக்கூறு மாதிரிப் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது.

சட்டம் உங்கள் பக்கம். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பது 2018 வழிகாட்டுதல். சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. கவனக்குறைவுக் கோளாறு (ஏடிஎச்டி) இல்லை. அதனால் அந்த மாணவர்களிடம் காட்டச் சான்றிதழே இருப்பதில்லை. அவர்களுக்கும் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கும் பெரிய செலவு எதுவும் வேண்டாம். செய்முறையை ஆய்வகத்தில் கடகடவென்று வாயால் ஒப்பிக்காமல், ஒரு வாரம் முன்பே படிப்படியாக எழுதிக் கொடுத்தால் போதும். நான் எல்லோருக்கும் அப்படித்தான் கொடுக்கிறேன். உடைந்த குடுவைகளும் குறைந்திருக்கின்றன.

சேர்ந்த முதல் வாரத்திலேயே கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மாற்றுச் செய்முறை மூன்றையும் ஒரே கடிதத்தில் கேட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சியாக நகலில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் பத்து நாள் முன்பு போனால் கோப்பு மேசை மாறுவதற்குள் தேர்வே முடிந்துவிடும்.