பகல் இரவு, பருவம் போன்ற இயற்கைச் சுழற்சிகள் நாம் உண்பதையும் குடிப்பதையும் உண்மையிலேயே மாற்றுகின்றனவா?

மாற்றுகின்றன. பருவத்துக்குப் பருவம் விளைச்சல் மாறுவதுதான் இதில் உடனே கண்ணுக்குத் தெரியும். அதை வாங்கிக்கொள்ளும் நம் உடலுக்கும் ஒரு நேரக்கணக்கு இருக்கிறது என்பது எனக்கு நான்கு வருட இரவுப் பணியில்தான் புரிந்தது.

அப்போதெல்லாம் நடுராத்திரி தாண்டி இரண்டு மணிக்குத்தான் முழுச் சாப்பாடு. பகலில் ஒரு தொந்தரவும் தராத அதே உணவு அந்த நேரத்தில் வயிற்றிலேயே கிடக்கும். விடிந்து வந்து படுத்தால் நெஞ்செரிச்சல். காரத்தைக் குறைத்தேன், எண்ணெயைக் குறைத்தேன், பலன் இல்லை. சாப்பிடும் நேரத்தைப் பற்றி அப்போது நான் யோசிக்கவே இல்லை.

மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பு செல்கள் சேர்ந்த ஒரு கொத்து இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். கண்ணில் படும் வெளிச்சத்தைப் பார்த்து அது நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். கல்லீரல், கணையம், குடல் ஆகியவற்றுக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு. கல்லீரல் நாம் சாப்பிடும் நேரத்தைப் பார்த்தும் தன் கடிகாரத்தைத் திருப்பிக்கொள்ளும். இரவு இரண்டு மணிக்குச் சாப்பிட்டால் மூளை ஒரு நேரம் சொல்லும், கல்லீரல் இன்னொரு நேரத்துக்கு நகரத் தொடங்கும். செல்லுக்குள் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்குத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே உணவைக் காலையில் சாப்பிடுவதைவிட இரவில் சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறும், இறங்கவும் நேரமெடுக்கும். இருட்டியதும் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்துவது இதற்கு ஒரு காரணம். இரைப்பை காலியாவதும் அந்த நேரத்தில் மெதுவாகத்தான். என் நெஞ்செரிச்சலுக்கு விடை இங்கே இருந்தது.

பசியும் இப்படித்தான். இரவு முழுக்கப் பட்டினி கிடந்து எழும் காலையில்தானே பசி உச்சத்தில் இருக்க வேண்டும்? வெளி நேரமே தெரியாதபடி மங்கிய வெளிச்சத்தில் ஆட்களைத் தங்கவைத்து 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடல் கடிகாரப்படி காலை எட்டு மணி வாக்கில் பசி மிகக் குறைவாகவும் இரவு எட்டு மணி வாக்கில் மிக அதிகமாகவும் இருந்தது. தாகத்தைப் பொறுத்தவரை, தூங்கும்போது வாசோபிரெசின் என்ற ஹார்மோன் கூடிச் சிறுநீரைக் குறைக்கிறது. ஏழெட்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் தூங்க முடிவது அதனால்தான். வயதானால் இந்த ஏற்றம் குறைந்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் இரவில் அடிக்கடி எழுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளிர்காலத்தில் தாகமே குறைந்துபோவதால், உடலுக்குத் தண்ணீர் தேவைப்படும்போதும் பலர் குடிப்பதில்லை.

அப்புறம் முட்டை. முட்டைக்கும் பருவம் உண்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. பகல் நீளும்போது கோழி நன்றாக முட்டையிடும், பகல் சுருங்கினால் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். வெளிச்சத்தை அது கண்ணால் மட்டும் உணர்வதில்லை, மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் போகும் ஒளியையும் உணர்கிறது. பண்ணைகளில் விளக்குப் போட்டுத் தினம் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பதால்தான் வருடம் முழுக்க முட்டை வருகிறது. ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்தில் போதிய குளிர் கிடைக்காவிட்டால் மொட்டுகள் ஒழுங்காக விரியாது. பறித்த பழத்தையோ ஆக்சிஜனைக் குறைத்த குளிர் அறைகளில் மாதக்கணக்கில் வைத்திருக்க முடிகிறது.

கோழிக்குப் போடும் அதே விளக்கின் கீழ்தான் நானும் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். கோழியின் உடல் அதற்கு இசைந்துகொடுக்கிறது. மனித உடல் அவ்வளவு எளிதில் இசைவதில்லை, ஏனென்றால் வேலை முடிந்து வெளியே வந்ததும் காலை வெளிச்சம் கடிகாரத்தைப் பழையபடி பகலுக்கே இழுத்துவிடும்.

நீங்களும் இரவுப் பணியில் இருந்தால் 2021-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் இரவுப் பணி போல ஆட்களை விழித்திருக்கச் செய்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு கெட்டது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கெடவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் என் அனுபவமும் அதையே சொல்கிறது. கடைசி வருடத்தில் முழுச் சாப்பாட்டைப் பணிக்குக் கிளம்பும் முன்பே முடித்துக்கொண்டேன். இரவில் தண்ணீர், ரொம்பப் பசித்தால் கொஞ்சமாக ஏதாவது. உடலில் பாதி கஃபீன் கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் நள்ளிரவுக்குப் பிறகு காபியையும் விட்டேன். நெஞ்செரிச்சல் சில வாரங்களில் அடங்கியது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டாம்.